போஸ்ட்கிரெஸ் ஆவணத்தில் குரூப் பை: நல்லாத்தான் இருக்கு, ஆனா…

கிருஷ்ணகிரி பக்கம் மாங்காய் மண்டிகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை. அதனால் போஸ்ட்கிரெஸ் (PostgreSQL) என்ற தரவுத்தள மென்பொருளின் ஆவணம் எந்நேரமும் திறந்தே கிடக்கும். அதில் வரிகளைக் குழுவாகச் சேர்க்கும் குரூப் பை (GROUP BY) பற்றிய பகுதிக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுப்பேன்.

புதிதாக வருபவர்கள் நேராக அதை விளக்கும் 7.2.3-ஆம் பகுதிக்குப் போகாதீர்கள், டுடோரியலில் (அறிமுகப் பாடத்தில்) 2.7-ஆம் பகுதியை முதலில் படியுங்கள். வேர் (WHERE) நிபந்தனை குழு சேர்க்கும் முன்பே வரிகளை வடிகட்டுகிறது, ஹேவிங் (HAVING) குழுக்களைக் கணக்கிட்ட பிறகு வடிகட்டுகிறது என்று அங்கே பளிச்சென்று சொல்லியிருக்கிறார்கள். பெங்களூரா ரகம் மட்டும் வேண்டுமென்றால் வேர், மொத்தம் 5 டன்னுக்கு மேல் வந்த ரகங்கள் வேண்டுமென்றால் ஹேவிங், அவ்வளவுதான்.

7.2.3-இல் நான்கே வரி உள்ள குட்டி டேபிளை வைத்து விளக்குவது அருமை. ரகவாரியாக எடையைக் கூட்டும்போது விவசாயி பெயரையும் கேட்டால் ஏன் பிழை வருகிறது? ஒரே ரகத்தைப் பத்துப் பேர் கொண்டுவந்திருப்பார்கள், யார் பெயரைக் காட்டுவது! (மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தளம் முன்பெல்லாம் ஏதோ ஒரு பெயரை எடுத்துப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடும், 5.7 பதிப்பிலிருந்துதான் இயல்பாகவே பிழை காட்டுகிறது.) விவசாயி எண் பிரைமரி கீ (ஒவ்வொரு வரிக்கும் தனித்த அடையாளம்) என்றால் அதை வைத்துக் குழு சேர்த்தாலே போதும், பெயரையும் ஊரையும் தாராளமாகக் கேட்கலாம். இவ்வளவு உபயோகமான விஷயத்தைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

எனக்குப் பிடிக்காதது அந்தப் பகுதியில் வரும் லாபக் கணக்கு உதாரணம். லெஃப்ட் ஜாயின் (LEFT JOIN, இரண்டாவது டேபிளில் ஜோடி இல்லாவிட்டாலும் முதல் டேபிளின் வரிகளை விடாமல் வைத்திருக்கும் இணைப்பு) போட்டுவிட்டு, விற்பனைத் தேதியை வேரில் சோதிக்கிறார்கள், அப்புறம் லெஃப்ட் எதற்கு? 5000-க்கு மேல் என்று ஹேவிங் இருப்பதால் அங்கே விடை தப்பாகாது, சரி. ஆனால் அதைப் பார்த்து எழுதுகிறவருக்கு இந்த வாரம் லோடு வராத விவசாயிகள் பட்டியலிலிருந்தே காணாமல் போய்விடுவார்கள், தேதியை இணைப்பு நிபந்தனையான ஆன் (ON) பகுதியில் வைத்தால்தான் நிற்பார்கள். இதே வித்தியாசத்தை 7.2.1-இல் அழகாக விளக்கியவர்களும் இவர்கள்தான்!

இன்னொரு முக்கியமான விதி தரவை எடுக்கும் செலக்ட் (SELECT) கட்டளையின் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது. தேதியை மாதமாகச் சுருக்கி அதற்கும் 'தேதி' என்றே பெயர் வைத்து, குரூப் பை தேதி என்று எழுதினால், அது டேபிளில் உள்ள பழைய தேதியைத்தான் எடுக்கும், ஒரே மாதம் நாளுக்கொரு வரியாக வந்து நிற்கும். வரிசைப்படுத்தும் ஆர்டர் பை (ORDER BY) மட்டும் புதுப் பெயரை எடுத்துக்கொள்ளும், அது தனிக் கூத்து. பேசாமல் 'மாதம்' என்று வேறு பெயர் வைத்துவிடுங்கள்.