தப்பான பொருள் வந்துவிட்டதா? பணத்தைத் திரும்பக் கேட்க எந்த வழி யாருக்கு?

மிக்ஸி ஆர்டர் போட்டிருப்போம். பெட்டியைப் பிரித்தால் அயர்ன் பாக்ஸ் இருக்கும். இப்படி ஆகும்போது பணத்தைத் திரும்பப் பெற நம் நாட்டில் நான்கு வழிகள் இருக்கின்றன. வாங்கிய ஆப்பிலேயே ரிட்டர்ன் போடலாம், 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம், வங்கியிடம் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தை வங்கி வழியாகவே திரும்பப் பெறுவது) கேட்கலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆப்பில் 'ரிஜெக்டட்' என்று ஒரு வரி வந்ததும் பலர் போனது போகட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். மற்ற மூன்று வழிகளும் இருப்பதே அந்த வரிக்குப் பிறகு போவதற்காகத்தான். அதில் எது உங்களுக்குச் சரிவரும் என்பது பெரும்பாலும் பணம் கட்டிய விதத்தைப் பொறுத்தது.

ஆப் வழிதான் எல்லாவற்றிலும் வேகமானது. ஒழுங்காக நடந்தால் ஒரு வாரத்துக்குள் பணம் வந்துவிடும். ஆனால் தப்பான பொருள் வந்தவர்கள் மாட்டிக்கொள்ளும் ஓர் இடம் இதில் உண்டு. எங்கள் சித்தி வீட்டில் அதைக் கூட இருந்து பார்த்தேன். பிக்கப் எடுக்க வந்த தம்பி தன் போனைத் திறந்தார். அதில் மிக்ஸி படம், பிராண்ட், நிறம், 'பொருள் இதேதானா' என்ற கேள்வி. கையில் இருப்பதோ அயர்ன் பாக்ஸ். "அக்கா, மேட்ச் ஆகல. இதை எடுத்துட்டுப் போனா என் தலையிலதான் விழும்" என்று கேன்சல் செய்துவிட்டுப் போனார். அவர் மேல் தப்பே இல்லை. தப்பான பொருளைத் திருப்பி அனுப்பவே சரியான பொருளைக் காட்டச் சொல்லும் நடைமுறைதான் கோளாறு. இப்படி இரண்டு தடவை பிக்கப் கேன்சல் ஆவதற்குள், பல பொருட்களுக்கு இருக்கும் 7 நாள் ரிட்டர்ன் அவகாசம் ஓடிவிடும்.

அதனால் ரிட்டர்ன் போடும்போது 'பிடிக்கவில்லை', 'வேண்டாம்' போன்ற காரணங்களைத் தொடவே கூடாது. 'வேறு பொருள் வந்தது' என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வந்த பொருளின் படத்தை ஏற்றிவிட்டு, வந்திருப்பது வேறு பொருள் என்று பிக்கப் ஆளுக்கும் தகவல் போகும்படி சாட்டில் எழுதிக் கேட்க வேண்டும். அந்த உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது முக்கியம்.

வீடியோ எடுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள், சரி. ஆனால் பெட்டியைக் கிழிக்கும் முன்பே வீடியோ தொடங்க வேண்டும், நடுவில் வெட்டக் கூடாது. லேபிளில் உள்ள டிராக்கிங் எண் படிக்கும்படி தெரிய வேண்டும். பல லேபிள்களில் எடையும் அச்சாகியிருக்கும், அதை யாரும் கவனிப்பதில்லை. மூன்று ஜாருடன் ஒரு மிக்ஸி நாலைந்து கிலோ இருக்கும். லேபிளில் ஒன்றரை கிலோ என்று இருந்தால், கிளம்பும்போதே உள்ளே மிக்ஸி இல்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

'ரீப்ளேஸ்மெண்ட் மட்டும்தான், ரீஃபண்ட் கிடையாது' என்ற பதிலைக் கேட்டு நிறையப் பேர் அடங்கிவிடுகிறார்கள். 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகள், விளம்பரப்படுத்திய தன்மையில் பொருள் இல்லாவிட்டால் அதைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது என்கின்றன. அதே விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனமும் குறைதீர் அதிகாரி ஒருவரை வைத்திருக்க வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சாட்டில் மன்றாடுவதும் இந்த அதிகாரிக்கு மெயில் போடுவதும் ஒன்றல்ல. மெயில் போட்ட தேதியிலிருந்து கணக்கு ஓடத் தொடங்குகிறது.

அடுத்தது 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம், 8800001915 என்ற வாட்ஸ்அப் எண்ணிலும் புகார் தரலாம். உத்தரவு போடும் அதிகாரம் இவர்களுக்குக் கிடையாது, பேசித் தீர்த்து வைப்பார்கள், அவ்வளவுதான். இருந்தாலும் பெரிய நிறுவனங்களோடு தகராறு என்றால் நான் முதலில் சொல்வது இதைத்தான். அவர்களில் பலர் இந்த அமைப்போடு இணைந்திருக்கிறார்கள், புகார் நேராக அவர்களுக்கே போய்விடும். சாட்டில் பத்து தடவை 'மன்னிக்கவும்' என்று வந்த பதில் இங்கே மாறிவிட வாய்ப்பு அதிகம். முகவரியே போடாத சின்ன விற்பனையாளரிடம் இது அவ்வளவாகச் செல்லாது.

சார்ஜ்பேக் முக்கியமாகக் கார்டில் கட்டியவர்களுக்கான வழி. விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் 'சொன்னபடி பொருள் இல்லை' என்பது தனி வகைப் புகார், பொதுவாக 120 நாள் அவகாசம். விற்பவரிடம் முதலில் கேட்டதையும் பொருளைத் திருப்பித் தர முயன்றதையும் காட்ட வேண்டும். கேன்சல் ஆன பிக்கப்பின் ஸ்கிரீன்ஷாட் இங்கேதான் உதவும். வங்கி உடனே வரவு வைத்தாலும் அது முடிவல்ல, கடைக்காரர் எதிர்த்து ஜெயித்தால் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.

கேஷ் ஆன் டெலிவரிதான் பத்திரம் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. தப்பான பொருள் விஷயத்தில் எனக்கு அதில் உடன்பாடில்லை. பெட்டியைப் பிரிக்கும் முன்பே காசு கைமாறிவிடுகிறது, சார்ஜ்பேக்குக்கும் இடமில்லை. விலை கூடின பொருளைக் கிரெடிட் கார்டில் வாங்குவதே மேல். ஃபிளிப்கார்ட்டில் உள்ளது போல ஓப்பன் பாக்ஸ் டெலிவரி இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் பொருளைப் பார்த்த பிறகே ஓடிபி சொல்ல வேண்டும். ஜிபேயில் ஒருவரின் சொந்த எண்ணுக்கு அனுப்பியதுதான் இருப்பதிலேயே பலவீனமான நிலை. ஒருவருக்குக் கைமாற்றாகக் கொடுத்த பணம் போலத்தான் வங்கி அதைப் பார்க்கும்.

இந்தப் பதற்றத்தில் கஸ்டமர் கேர் எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள். போலி எண்கள் அங்கே காத்திருக்கின்றன. பணம் 'வாங்க' கியூஆர் ஸ்கேன் செய்யச் சொன்னாலோ திரையைப் பகிரும் ஆப் போடச் சொன்னாலோ போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள்.

கடைசி வழி மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. நிறுவனம் பெங்களூருவில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். 2 வருடம் வரை அவகாசம் உண்டு. 3 மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் இழுக்கும். 600 ரூபாய் குர்த்திக்கு இவ்வளவு அலைச்சல் வேண்டாம் என்பேன். 25,000 ரூபாய் போனுக்குப் பதில் சோப்புக்கட்டி வந்தால் தயங்கவே கூடாது, பொருளின் விலையோடு மன உளைச்சலுக்கான இழப்பீடும் செலவுத் தொகையும் சேர்த்துக் கேட்கலாம்.

இளம்பிள்ளைச் சேலைகளை வாட்ஸ்அப் குரூப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் பார்த்து வாங்குகிறவர்களுக்கு முதல் மூன்று வழிகளும் பெரும்பாலும் கைகொடுக்காது. ரிட்டர்ன் பட்டன் இல்லை, கார்டு இல்லை. 'ஓப்பனிங் வீடியோ கட்டாயம்' என்று அவர்கள் போடும் நிபந்தனையை நான் குறை சொல்ல மாட்டேன், ஏமாற்றும் வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள். ஆனால் மெரூன் கேட்டவருக்குப் பச்சையை அனுப்பிவிட்டு, 'பணம் தர மாட்டோம், வேறு சேலை எடுத்துக்கோங்க' என்பது நியாயமில்லை. தொழிலாகவே விற்கிறவர்களுக்கும் நுகர்வோர் சட்டம் பொருந்தும். பார்சல் கவரில் உள்ள அனுப்புநர் முகவரியைக் கிழித்துப் போடாமல் வைத்திருங்கள். அந்த முகவரிக்கு, சாட் ஸ்கிரீன்ஷாட்டும் பணம் அனுப்பிய ரசீதும் இணைத்து, 15 நாள் கெடு வைத்து ஸ்பீடு போஸ்டில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால் அதே முகவரியை எதிர்மனுதாரராகக் காட்டி ஆணையத்தில் மனு போடலாம்.