மார்க்விஸா, சைமனா: கோலாலம்பூர் சூட்டுக்கு எது தாங்கும்?

எங்கள் கல்லூரியின் தடயவியல் வகுப்புக்குப் போதைப்பொருள் வண்ணச் சோதனைக் கரைசல் ஒன்றை மட்டுமே நிரந்தர இருப்பில் வைக்க முடியும் என்றார்கள். நான் மார்க்விஸைத் தேர்ந்தெடுத்தேன். ஷாபு (மெத்தாம்ஃபெட்டமின்) வழக்குகள் இத்தனை வரும் ஊரில் சைமனை ஏன் விட்டீர்கள் என்று சக ஆசிரியர்கள் கேட்டது நியாயம்தான்.

மார்க்விஸ் என்பது ஃபார்மால்டிஹைடு கலந்த அடர் கந்தக அமிலம், 1896-இல் வந்தது. ஹெராயினுக்கு ஊதா, எக்ஸ்டஸிக்குக் கருமை, ஷாபுவுக்கு ஆரஞ்சு, பிறகு பழுப்பு. ஆம்ஃபெட்டமினுக்கும் அதே ஆரஞ்சுதான். சைமனோ ஷாபுவுக்கு நீலமாகும், ஆம்ஃபெட்டமினுக்கு ஆகாது. இந்த இடத்தில் சைமன்தான் மேல்.

என் முடிவை மாற்றியது பராமரிப்பு. சைமனில் சேரும் அசிட்டால்டிஹைடு சுமார் 20 டிகிரியிலேயே கொதிக்கும். நம் ஊரில் நள்ளிரவிலும் வெப்பம் பெரும்பாலும் அதற்கு மேல்தான். ஆய்வுக்கூடத்து ஏர்கோனோ மாலையோடு நின்றுவிடும். மூடி கொஞ்சம் தளர்ந்தாலும் ஆவி போய்க்கொண்டே இருக்கும். அப்படி வலுவிழந்த கரைசல் ஷாபுமேல் விழுந்தாலும் நீலம் வராது, மாணவர் ‘இல்லை’ என்று எழுதிவிடுவார். செத்த கரைசலும் உண்மையான எதிர்மறை முடிவும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். எனக்கு இதுதான் பெரிய பயம்.

மார்க்விஸ் கெட்டால் பெரும்பாலும் தானே நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். வெள்ளைப் பீங்கான் தட்டில் வெறும் சொட்டு ஒன்று விட்டுப் பாருங்கள். பழுப்பேறியிருந்தால் கழிவு ஜாடிக்குப் போகட்டும். அப்புறம் மருந்துக்கடை ஆஸ்பிரின் துணுக்கில் ஒரு சொட்டு: சிவந்தால் கரைசல் வேலை செய்கிறது. சைமனையும் டைஎத்தில்அமின் வைத்துச் சரிபார்க்கலாம், ஆனால் அதை ஒவ்வொரு முறையும் தவறாமல் செய்ய வேண்டும். மார்க்விஸுக்கும் தொல்லை உண்டு. அமிலம் நம் ஈரக்காற்றை உறிஞ்சும், சொட்டுக்குழாயின் ரப்பர் குமிழைத் தின்னும். கண்ணாடி மூடிப் புட்டியும் புகைபோக்கிப் பெட்டியும் கட்டாயம்.

கொக்கைனுக்கான கோபால்ட் தயோசயனேட்டை நான் அதிகம் கையாண்டதில்லை என்பதால் இங்கே சேர்க்கவில்லை.

ஆஸ்பிரினே சிவக்கிறது என்றால் நிறத்தை மட்டும் நம்பலாமா? 1952-ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தில் 50 கிராம் மெத்தாம்ஃபெட்டமின் வைத்திருந்தாலே கடத்தல் என்று அனுமானம். அதனால்தான் இரசாயனத் துறையின் அறிக்கை இல்லாமல் வழக்கு நகராது. இதை மாணவர்களிடம் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறேன்.

சைமனை முழுக்கக் கைவிடவில்லை. வகுப்பு நாள் காலையில் கொஞ்சமாகக் கலந்து பனிக்கட்டியில் வைக்கிறோம், மிஞ்சியதை அன்றே அகற்றிவிடுகிறோம்.