பைரகாந்தா வேலி: மூன்று வருடம் வளர்த்தபின் எழுதுகிறேன்

எங்கள் வீடு லண்டன் ஹாரோவில், தெருமுனையில் இருக்கிறது. இரண்டு பக்கமும் ரோடு. பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளைகள் எங்கள் புல்லுக்கு மேலால் நடந்து போவார்கள், காலையில் எழுந்து பார்த்தால் மதிலுக்கு உள்ளே பீர் டின் கிடக்கும். மதிலை உயர்த்தலாம் என்றால், இங்கே ரோட்டை ஒட்டிய மதிலோ பலகை வேலியோ 1 மீட்டருக்கு மேலே போனால் கவுன்சிலிடம் அனுமதி கேட்க வேண்டும். செடி வேலிக்கு அந்தக் கணக்கு இல்லை. சரி, செடிதான் என்று முடிவெடுத்து, 2021 அக்டோபரில் பைரகாந்தா என்ற முள்ளுச் செடியில் 12 வாங்கி நட்டோம். வகை 'சஃபீர் ரூஜ்', சிவப்புப் பழம். 2 லிட்டர் சட்டியில் முழங்கால் உயரத்துக்கு வந்தது, ஒன்று 11 பவுண். இணையத்தில் ஆர்டர் செய்தோம். 60 சென்டிமீட்டருக்கு ஒன்றாக 12 செடி 7 மீட்டருக்குப் போதும்.

ஏன் இந்தச் செடி என்று கேட்பவர்களுக்கு: இங்கே வேலிக்கு வைக்கும் மற்ற முள்ளுச் செடிகளில், ஹாதோர்ன் குளிர்காலத்தில் இலை கொட்டிவிடும், வேலி வெறும் குச்சியாக நிற்கும். ஹாலி அழகுதான், ஆனால் மெதுவாக வளரும், ஆண் செடி பெண் செடி வேறு வேறு என்பதால் பழம் வருமா என்று பார்த்து வாங்க வேண்டும். பைரகாந்தா வருடம் முழுக்கப் பச்சை, தனிச் செடியே காய்க்கும், களிமண்ணும் தாங்கும், வெயில் குறைந்த வடக்குச் சுவரிலும் பிழைக்கும். வீட்டில் திருட்டைத் தடுக்க ஜன்னலுக்குக் கீழே முள்ளுச் செடி வையுங்கள் என்று இந்த நாட்டுப் போலீசே சொல்லும் செடிகளில் இதுவும் ஒன்று. 'நெருப்பு முள்' என்பதுதான் பைரகாந்தா என்ற கிரேக்கப் பெயருக்குப் பொருள். அந்தப் பெயரில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

முள்ளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைக்காரர்கள் பழத்தின் படத்தைத்தான் பெரிதாகப் போடுகிறார்கள். ரோஜா முள் வளைந்து, தோலைக் கீறும். இது நேராக நிற்கும், எங்கள் செடியில் ஒன்றரை சென்டிமீட்டர் வரைக்கும் இருக்கிறது, இலைக்கு அடியில் ஒளிந்திருப்பதால் கை வைக்கும் வரை தெரியாது. துணிக் கையுறை சும்மா. போன வருடம் என் கணவர் அப்படி ஒரு துணிக் கையுறையோடு வெட்டிய கிளைகளை அள்ளினார், நடுவிரல் முட்டில் ஒன்று ஏறியது. இழுத்து எறிந்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். மூன்றாம் நாள் விரல் மடக்க முடியவில்லை, முட்டு பளபளவென்று வீங்கி நின்றது. டாக்டர் பார்த்துவிட்டு, முள்ளின் நுனி உள்ளே முறிந்து இருக்கிறது, மூட்டில் முள் தங்கினால் விடாமல் அழற்சி இருக்கும் என்று சொல்லி ஸ்கான் எடுக்க அனுப்பினார். எடுத்த துண்டு ஒரு எள்ளு அளவுகூட இல்லை. ஆகவே தடித்த தோல் கையுறை, முழங்கை வரை வருவது, செடியோடு சேர்த்தே வாங்குங்கள். வெட்டியதைக் கூட்டி அள்ளாமல் விட்டால் சைக்கிள் டயர் போகும், செருப்படியிலும் ஏறும். சின்னப் பிள்ளைகள் ஓடி விளையாடும் நடைபாதை ஓரத்தில் இதை வைக்கவே வேண்டாம்.

அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தபோது வேலியைச் சுற்றிப் பார்த்தா. அங்கே எங்கள் வளவுக்குக் கிளுவை வேலி, வருடா வருடம் கதியால் (நட்டால் துளிர்க்கும் தடி) போட்டு இடைவெளி அடைப்பார்கள். இதைப் பார்த்துவிட்டு, "உதுக்குள்ளால நாயும் பூராது பிள்ளை" என்றா. அம்மாவின் வாயிலிருந்து ஒரு வேலிக்கு வந்த பெரிய பாராட்டு அதுதான். உண்மையும் அதுவே. இப்போது என் தோளுக்கு மேலே நிற்கிறது, இரண்டு வருடமாக யாரும் குறுக்கே வரவில்லை, டின்னும் இல்லை.

அப்புறம் பழம். மே கடைசியில் வெள்ளைப் பூ, சின்னச் சின்னக் கொத்தாக, தேனீ மொய்க்கும். வாசனை எல்லோருக்கும் பிடிக்காது, கொஞ்சம் கனமான மணம். செப்டம்பரில் பழுக்கத் தொடங்கி அக்டோபரில் இலை தெரியாத அளவுக்குச் சிவப்பு. மழை நாளில் நாலு மணிக்கே இருட்டிவிடும் இந்த ஊரில், சமையலறை ஜன்னலால் அதைப் பார்ப்பது எனக்குப் பெரிய ஆறுதல், இதை வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

ஆனால் 2023இல் ஒரு பழம்கூட இல்லை. பக்கத்து வீட்டார் அவர்களுடைய வேலியை ஏப்ரலில் மெஷினால் நேராகச் சீவினார்கள், பார்க்க நன்றாக இருந்தது, நானும் அப்படியே சீவிவிட்டேன். பைரகாந்தா போன வருடம் விட்ட கிளையில்தான் பூக்கும். நான் சீவியது முழுக்க அந்தக் கிளைகள். இதை வாங்கும்போது ஒருவரும் சொல்லவில்லை, செடியோடு வந்த அட்டையிலும் 'தேவைக்கேற்ப வெட்டவும்' என்று மட்டும் இருந்தது. இப்போது செய்வது இதுதான்: பூ முடிந்து பச்சைக் காய் தெரிந்தபின், அந்த வருடம் நீட்டி வளர்ந்த இளம் தண்டுகளை மட்டும், காய்க் குலையைத் தாண்டி இரண்டு மூன்று இலை விட்டு வெட்டுகிறேன். அப்படி வெட்டினால் குலை வெளியே தெரியும், அடுத்த வருடத்துக்கும் கிளை மிஞ்சும். நான் இதை ஆகஸ்ட் கடைசிக்குத் தள்ளி வைக்கிறேன், ஏனென்றால் அடர்ந்த முள்ளுக்குள் பூனை வராது என்று தெரிந்து குருவிகள் அதற்குள்தான் கூடு கட்டும். குருவி இருக்கும் கூட்டைத் தெரிந்தே கலைப்பது 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் மனம் வராது.

நோய் பற்றி ஒரு வார்த்தை. இது ஆப்பிள், பேரிக்காய் குடும்பத்துச் செடி, அதனால் அவற்றைப் பிடிக்கும் 'ஃபயர் பிளைட்' என்ற பாக்டீரியா நோய் இதையும் பிடிக்கும். தீயில் வாட்டியதுபோல நுனி கருகும். இங்கிலாந்தில் அது முதலில் தெரிந்தது 1957இல், கென்ட் பகுதிப் பேரி மரங்களில். பழைய வகைகளில் இந்தத் தொல்லையும் பழம் கறுத்துப்போகும் சொறி நோயும் அதிகம். சஃபீர் வகைகள் இரண்டையும் நன்றாகத் தாங்கும், எங்கள் 12இல் இதுவரை ஒன்றும் வரவில்லை. பேரி மரம் வைத்திருப்பவர்கள் பத்து பென்ஸ் மிச்சம் பிடிக்க வேறு வகை வாங்காதீர்கள்.

பழத்தைச் சாப்பிடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். மாவு மாதிரி இருக்கும், ருசி இல்லை. ஆப்பிள் விதைபோல இதன் விதையிலும் சயனைடு தரும் பொருள் கொஞ்சம் உண்டு, பிள்ளைகள் நிறைய விழுங்கினால் வயிறு கெடும். இமயமலைப் பக்கம் குமாவோனில் இதே இனத்தில் ஒரு செடியைக் கிங்காரு என்று சொல்லி, அதன் பழத்தை மலையில் திரியும் பிள்ளைகள் பறித்துத் தின்பார்கள். நாங்கள் குருவிக்கு விட்டுவிட்டோம்.

செடிக்கு முழு மதிப்பெண் தருவேன், விற்ற கடைக்குத் தரமாட்டேன். 12இல் இரண்டு, பழுத்தபோது மஞ்சளாக வந்தன. பூவையும் இலையையும் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, முதல் இலையுதிர் காலத்தில்தான் தெரிந்தது. படம் எடுத்து அனுப்பினேன், வாங்கி ஒரு வருடமும் மூன்று வாரமும் ஆகிவிட்டது, உத்தரவாதம் ஒரு வருடம்தான் என்று பதில் வந்தது. காய்க்கும் வரை தெரியாத தவறுக்கு இப்படி ஒரு கணக்கு சொல்வது நியாயமில்லை. பிடுங்கிப் போடலாம் என்றால், வேரூன்றிய பைரகாந்தா இடம் மாற்றினால் பெரும்பாலும் பிழைக்காது. விட்டுவிட்டோம்.

டிசம்பரில் பிளாக்பேர்டும் காட்டுப் புறாவும் சிவப்பை முடித்துவிட்டன, வடக்கிலிருந்து குளிருக்கு வரும் ரெட்விங் குருவிகள் ஒரு நாள் கூட்டமாக வந்து மிச்சத்தையும் கொத்திப் போயின. அந்த மஞ்சள் இரண்டும் ஜனவரி நடுப்பகுதி வரை குலையோடு நின்றன. பின்பக்கத்துக்கு இன்னும் நாலு செடி வாங்க இருக்கிறேன். இந்த முறை இணையத்தில் இல்லை, அக்டோபரில் நேரே போய், சட்டியில் பழம் நிற்பதைக் கண்ணால் பார்த்துத்தான் எடுப்பேன்.