தண்டனை ஆன கேஸுக்கு ஹேபியஸ் கார்பஸ் (ஆட்கொணர்வு மனு) போட்டு வெளிய எடுக்கறேன்னு சொன்னா நம்பாதீங்க

என் தம்பிக்கு செஷன்ஸ் கோர்ட்ல 307ல (கொலை முயற்சி) 7 வருஷம் போட்டுட்டாங்க, ஊர் திருவிழா அடிதடி, அந்தக் கதைய இங்க பேசல. மதுர ஜெயிலுக்கு அவனப் பாக்கப் போனப்ப அவன் சொல்றான், அக்கா என் பிளாக்ல ஒருத்தன் ஹேபியஸ் கார்பஸ் போட்டு வெளிய போயிட்டான், எனக்கும் போடுன்னு. தீர்ப்பு வந்து அப்ப 20 நாள் கூட ஆகல. தெரிஞ்சவங்க மூலமா ஒரு வக்கீலப் பிடிச்சோம். "ரெண்டே மாசம், பையன் வீட்ல இருப்பான்"னாரு. ஃபீஸ் 75,000. அம்மா தாலிச்செயின அடகு வச்சு குடுத்தோம்.

அப்பவே எனக்கு ஒண்ணு உறுத்துச்சு. வக்காலத்துல அம்மாகிட்ட தான் கையெழுத்து வாங்குனாரு, தம்பி கையெழுத்தே கேக்கல. கிரிமினல் அப்பீல்னா ஜெயில்ல இருக்கறவன் கையெழுத்து போட்டு ஜெயிலர் அத்தாட்சி பண்ணணும், சட்டவிரோதமா அடச்சு வச்சவன விடச் சொல்லிப் போடற ஆட்கொணர்வு மனுவ தான் சொந்தக்காரங்க யாரு வேணாலும் போடலாம். இதெல்லாம் எனக்கு லேட்டா தான் தெரிஞ்சுது. அந்த பிளாக் ஆளு குண்டாஸ்ல (குண்டர் தடுப்புச் சட்டம்) உள்ள இருந்தவனாம்! அது கோர்ட் விசாரிச்சு குடுத்த தண்டனையே இல்ல, 1982 சட்டத்துல கலெக்டரோ கமிஷனரோ ஆர்டர் போட்டு 12 மாசம் வரைக்கும் உள்ள வைக்கறது, அந்த ஆர்டர ஒடைக்க தான் ஹேபியஸ் கார்பஸ். கோர்ட்டே தண்டன குடுத்து உள்ள இருக்கறவனுக்கு அப்பீல் தான் வழி, கூடவே தண்டனைய நிறுத்தி வைக்க ஒரு மனு, அதுல தான் ஜாமீன். வக்கீலுக்கு இது தெரியாதுன்னு நான் நம்பல.

நாலு மாசம் வாய்தா வாய்தான்னே ஓட்டுனாரு. கடைசில மெயின்டெயினபிள் இல்ல, அதாவது இப்படி ஒரு மனுவே போட முடியாதுன்னு தள்ளுபடி, ஆர்டர் ஒன்னரை பக்கம். ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போட இருந்த 60 நாளும் அதுக்குள்ள போயிடுச்சு. கேட்டா சுப்ரீம் கோர்ட் போலாம் இன்னொரு லட்சம் ரெடி பண்ணுங்கன்றாரு, அப்புறம் போனே எடுக்கல. தீர்ப்பு காப்பியக் கூட நான் போய் உக்காந்து அடம்புடிச்சு தான் வாங்குனேன் (அந்தக் காப்பிய தண்டன வாங்குனவனுக்கு கோர்ட்டே இலவசமா குடுக்கணும்றது வேற கத).

இப்ப ஹைகோர்ட் மதுர கிளைல இருக்கற இலவச சட்ட உதவி மூலமா அப்பீல் போட்டிருக்கோம். ஜெயில்ல இருக்கறவனுக்கு வருமானம் எவ்ளோன்னு கூட கேக்காம வக்கீல் குடுக்கணும்னு 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்துலயே இருக்காம், சட்ட உதவி கேக்க போன் நம்பர் 15100. வக்கீலே வேணாம்னாலும் ஜெயில் அதிகாரி கையில மனுவ எழுதிக் குடுத்தா அவங்களே கோர்ட்டுக்கு அனுப்பணும்.

யாராச்சும் மனு போட்டாச்சுன்னு சொன்னா நம்பர் கேட்டு ஹைகோர்ட் வெப்சைட்ல போட்டுப் பாருங்க, தண்டன கேஸுக்கு ஹெச்சிபின்னு (ஹேபியஸ் கார்பஸ் மனுவோட சுருக்கம்) காட்டுனா அன்னைக்கே வேற வக்கீலப் பாருங்க. எங்க அப்பீலுக்கு நம்பர் கூட ஆகல, தாமதத்த மன்னிக்கச் சொல்லி போட்ட மனு தான் மொதல்ல வரணும், அதுல காரணம்னு அந்த 75,000 ரூபா கதையத் தான் எழுதியிருக்கோம்.