வெளியே தெரியாத கிளிப்: ஒரே பல்வரிசைக்கு மூன்று பதில்கள்

34 வயதில் பல்லுக்குக் கிளிப் போடலாம் என்று முடிவெடுத்தபோது நான் வைத்த ஒரே நிபந்தனை, அது வெளியே தெரியக்கூடாது என்பதுதான். பள்ளியில் தமிழ் நடத்துகிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நாள் முழுக்க என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மேலே முன்பற்கள் தூக்கல். கீழே இடம் போதாமல் பல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. பன்னிரண்டு வயதில் செய்திருக்க வேண்டியது. அப்போது வீட்டில் வசதி இல்லை.

சென்னையில் மூன்று இடங்களில் காட்டினேன். முதல் இடத்தில் அலைனர், அதாவது பல்மேல் மாட்டிக் கழற்றும் நிறமற்ற பிளாஸ்டிக் தட்டுகள், ஒன்பது மாதம், பல் எடுக்க வேண்டாம். இரண்டாவது இடத்தில் பல் நிறத்துச் செராமிக் கிளிப், ஒன்றரை வருடம். மூன்றாவது இடத்தில் நான்கு பல் எடுக்க வேண்டும், இரண்டு வருடம் ஆகும், எந்தக் கிளிப் என்பதை அடுத்த வாரம் பேசலாம். வீட்டுக்கு வந்து எதை நம்புவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். யாரிடம் போவது என்பதற்கு முன்பே என்ன போடுவது என்று முடிவு செய்துகொண்டு கிளம்பியதுதான் என் குழப்பத்துக்குக் காரணம் என்பது பிறகுதான் புரிந்தது.

முதல் இடம் ஒரு மாலில் இருந்த அலைனர் மையம். வாய்க்குள் ஒரு ஸ்கேனரை விட்டுப் பத்து நிமிடத்தில் படம் எடுத்தார்கள். என் பற்கள் திரையில் நகர்ந்து நகர்ந்து வரிசையாக நின்றன. பார்க்கும்போது ஆசையாகத்தான் இருந்தது. பற்களுக்கு நடுவே லேசாக ராவி இடம் எடுத்தால் போதும் என்றார்கள். எக்ஸ்ரே எடுக்கவில்லை. டாக்டர் யார் என்று கேட்டேன். பிளான் ஆன்லைனில் வரும் என்றார்கள். இன்றைக்கே முன்பணம் கட்டினால் தள்ளுபடி உண்டு என்றும் சொன்னார்கள்.

திரையில் நகர்ந்தது பல்லின் தலைப்பகுதி மட்டும்தான். வேர் எலும்புக்குள் இருக்கிறது. அது எவ்வளவு நீளம், எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, சுற்றிலும் எலும்பு போதுமா என்பதெல்லாம் எக்ஸ்ரே இல்லாமல் தெரியாது. இதை எனக்கு விளக்கியது மூன்றாவது டாக்டர்.

இரண்டாவது, எங்கள் தெருமுனைப் பல் மருத்துவமனை. அப்பா காலத்திலிருந்து போகிற இடம், நல்ல மனிதர். ஆனால் அவர் பொதுப் பல் மருத்துவர். கிளிப் போட ஆர்த்தோடான்டிஸ்ட் ஒருவர் சனிக்கிழமை மட்டும் வருவார். பி.டி.எஸ். ஐந்து வருடம் படித்த பிறகு, பல் சீரமைப்புக்கென்று மூன்று வருடம் எம்.டி.எஸ். படித்தவர்தான் ஆர்த்தோடான்டிஸ்ட். வந்தவரும் அப்படிப்பட்டவர்தான், எல்லாப் பற்களும் தாடையும் ஒரே படத்தில் தெரியும் ஓபிஜி எக்ஸ்ரே பார்த்துத்தான் பேசினார். எனக்கு இடித்தது வேறு விஷயம். திங்கட்கிழமை ஒரு கம்பி அவிழ்ந்து கன்னத்தில் குத்தினால் சனிக்கிழமை வரை என்ன செய்வது? அவர் நடுவில் வருவதை நிறுத்திவிட்டால் யார் தொடர்வது? இதற்கு இருவரிடமும் தெளிவான பதில் இல்லை. கட்டணம் மட்டும் மூன்றிலும் இங்கேதான் குறைவு.

தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளில் இதைவிடக் குறைவாகவே ஆகும். முதுநிலை மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்வார்கள், பொறுமையாகவும் செய்வார்கள். மாணவர் படிப்பு முடிந்து போனால் கேஸ் இன்னொருவர் கைக்கு மாறும். பகல் வேளைகளில் மாதந்தோறும் விடுப்பு எடுக்க முடிந்தவர்களுக்கு நல்ல வழி. எனக்கு அது முடியவில்லை.

மூன்றாவது, தனியாகக் கிளினிக் வைத்திருக்கும் ஒரு ஆர்த்தோடான்டிஸ்ட். முதல் நாள் கிளிப் பற்றிப் பேசவே இல்லை. ஓபிஜி, பக்கவாட்டு மண்டையோட்டு எக்ஸ்ரே, அச்சு, புகைப்படம் எல்லாம் எடுத்தார். “சும்மா இருக்கும்போது உதடு தானா மூடுதா டீச்சர்?” என்று கேட்டார். மூடாது. நாற்பது நிமிடம் பாடம் நடத்தினால் வாய் வறண்டுபோவதற்கு அதுதான் காரணம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஈறில் ரத்தக் கசிவு இருந்ததால், முதலில் பல் சுத்தம் செய்துகொண்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டார்.

அடுத்த வாரம் அலைனர், செராமிக், உட்புறக் கிளிப் என்று மூன்று வழிகளையும் எக்ஸ்ரேயை வைத்துக்கொண்டே விளக்கினார். முன்பற்கள் உள்ளே போக வேண்டுமென்றால் கடைவாய்க்கு முன்னுள்ள சிறு பற்களில் நான்கை எடுத்தாக வேண்டும். அந்தப் பல் ஒன்றின் அகலம் சுமார் 7 மில்லிமீட்டர். அலைனர் ஒரு தட்டுக்குச் சுமார் 0.25 மில்லிமீட்டர்தான் பல்லை நகர்த்தும். கணக்குப் போட்டால் அந்த இடைவெளிக்கே 28 தட்டுகள். அப்படியும் பிளாஸ்டிக் பல்லின் தலையை இழுத்துவிடும், வேர் பின்தங்கும், பல் இடைவெளிக்குள் சாய்ந்து விழும். “முடியாதுன்னு இல்ல, ஆனா உங்க கேஸுக்கு நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்” என்றார். தன்னிடம் இருப்பதில் விலை கூடிய ஒன்றை வேண்டாம் என்று அவர் சொன்ன இடத்தில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

உட்புறக் கிளிப்பையும் கேட்டேன். பல்லின் பின்பக்கம் ஒட்டுவது. வெளியே துளியும் தெரியாது. 1970களில் அமெரிக்காவில் கிரேவன் கர்ஸ், ஜப்பானில் கின்யா ஃபூஜிதா என்று இருவர் தனித்தனியே உருவாக்கியது. ஃபூஜிதா யோசித்தது அழகுக்காகக்கூட இல்லை. தற்காப்புக் கலை பயில்கிறவர்களின் உதடு கம்பியில் பட்டுக் கிழியக்கூடாது என்பதற்காக. மறைப்பதில் இதற்கு இணை இல்லை. ஆனால் தமிழ் வாத்தியாருக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தகரமும் நகரமும் சொல்லும்போது நாக்கு நுனி மேல் முன்பல்லின் பின்பக்கத்தைத்தான் தொடும், அதாவது கிளிப் இருக்கும் அதே இடத்தை. ழகரத்துக்கும் ளகரத்துக்கும் நாக்கு மேலே வளைந்து போய்விடுவதால் அவ்வளவு தொல்லை இல்லை. சில வாரங்களில் பழகிவிடும் என்றார். அந்தச் சில வாரங்களை நான் வகுப்பில் கழிக்க வேண்டுமே. மூன்றிலும் செலவும் இதற்குத்தான் மிக அதிகம். இதை விரும்புகிறவர்கள் டாக்டரிடம் எத்தனை பேருக்குப் போட்டீர்கள் என்று கேட்பதோடு, எத்தனை பேருக்கு முடித்தீர்கள் என்றும் கேளுங்கள். கை பழகாதவரிடம் போகக்கூடிய வேலை அல்ல இது.

கடைசியில் போட்டது மேலே செராமிக், கீழே சாதாரண உலோகம். செராமிக் பல் எனாமலைவிடக் கடினமானது. எனக்கு மேல்பல் கீழ்ப்பல்லை ஆழமாக மூடுவதால், கீழே செராமிக் ஒட்டினால் அதில் உரசி உரசி மேல்பல் தேயும். பேசும்போது எனக்குக் கீழ்ப்பல் தெரிவதும் இல்லை. இந்தக் கலப்பு வழியை மற்ற இரண்டு இடங்களிலும் யாரும் சொல்லவில்லை.

செராமிக் முழுவதும் மறையும் என்று நினைக்க வேண்டாம். கிட்டத்தில் பார்த்தால் தெரியும். கிளிப்பைவிடக் காட்டிக்கொடுப்பது கம்பியைப் பிடிக்கும் சின்ன ரப்பர் வளையம்தான். வெள்ளை வளையம் மூன்றாம் நாளே சாம்பார் மஞ்சளாகிவிட்டது. மாதம் ஒருமுறை மாற்றும்வரை அப்படியேதான் இருக்கும். இப்போது லேசான சாம்பல் நிற வளையம் கேட்டு வாங்குகிறேன், பரவாயில்லை. முறுக்கு, தட்டை, கரும்பு எதையும் தொடுவதில்லை.

அலைனர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் என் தம்பிக்கு முன்பல் இரண்டுக்கும் நடுவில் சின்ன இடைவெளி மட்டும்தான். ஒரு ஆர்த்தோடான்டிஸ்ட் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து அவனுக்கு அலைனர் கொடுத்தார். தினமும் 22 மணி நேரம் போட்டிருக்க வேண்டும், காபி குடிக்கக்கூடக் கழற்ற வேண்டும். ஒருமுறை டிஷ்யூவில் சுற்றி மெஸ் மேசையில் வைத்து அது குப்பைக்குப் போனதைத் தவிரச் சிரமம் இல்லாமல் முடித்துவிட்டான். டாக்டரே இல்லாமல் தபாலில் தட்டு வாங்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன். அமெரிக்காவில் அப்படி விற்ற ஸ்மைல்டைரக்ட்கிளப் 2023 டிசம்பரில் திடீரென்று மூடப்பட்டது. பாதிச் சிகிச்சையில் இருந்தவர்கள் வேறு டாக்டரைத் தேடிப்போக வேண்டியதாயிற்று.

பணம் பேசும்போது ரிட்டெய்னர், அதாவது சிகிச்சை முடிந்தபின் பல் நகராமல் பிடித்துவைக்கும் சாதனம், அதில் சேர்ந்ததா, உடைந்த கிளிப்பை ஒட்டத் தனிக் கட்டணம் உண்டா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கிளிப்பைக் கழற்றியபின் ரிட்டெய்னர் போடாவிட்டால் பல் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். எக்ஸ்ரே, ஸ்கேன், அச்சு இவற்றின் பிரதி நம் கையில் இருக்க வேண்டும். ஊர் மாறினால் அடுத்த டாக்டர் அதைத்தான் முதலில் கேட்பார்.

எனக்கு இது பதினான்காவது மாதம். பல் எடுத்த இடம் ஏறக்குறைய மூடிவிட்டது. போன வாரம் கடைசிப் பீரியட் முடிந்தபோது தண்ணீர் பாட்டில் திறக்கப்படாமல் மேசையிலேயே இருந்தது.