ஜோங்காவைச் சீரமைக்கக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

இராணுவத்தில் உழைத்து ஏலத்தில் கழிக்கப்பட்ட ஜோங்கா ஜீப் ஒன்றை, அதன் பழைய வடிவத்துக்கே கொண்டுவந்து தருவதாகச் சொன்ன ஒரு பட்டறையை நம்பி, பதினான்கு மாதங்களையும் நான்கு லட்சத்து இருபதாயிரம் ரூபாயையும் இழந்திருக்கிறேன். பணம் போனதைக்கூட ஒருவாறு தாங்கிக்கொள்ளலாம். உள்ளே போனபோது நல்ல நிலையில் இருந்த பாகங்கள் பல, வண்டி திரும்பி வந்தபோது அதில் இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. புகார் விசாரணையில் இருப்பதால் பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் இதே வண்டியை வைத்திருப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும் என்ன நடந்தது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நிஸான் நிறுவனத்தின் பேட்ரோல் 60 வரிசை வண்டியை உரிமம் பெற்று, ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலை 1969 முதல் 1999 வரை நம் இராணுவத்துக்காகத் தயாரித்ததுதான் ஜோங்கா. ஆறு சிலிண்டர், 3,956 சி.சி. பெட்ரோல் எஞ்சின்; நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்; முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங். உற்பத்தி நின்று கால் நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டதால் உதிரிபாகங்கள் இன்று மூன்று வழிகளில் மட்டுமே கிடைக்கின்றன: உடைக்கப்பட்ட வண்டிகளிலிருந்து கழற்றியவை, இராணுவ டிப்போக்களில் மிஞ்சி ஏலத்தில் வெளிவந்தவை, லேத் பட்டறையில் செய்து வாங்குபவை. இந்த மூன்றுக்கும் விலையில் பெரும் வேறுபாடு உண்டு. பெயின்ட் அடித்த பிறகு மூன்றும் ஒன்றுபோலவே தோன்றும் என்பதால், ஏமாற்ற நினைப்பவருக்கு இதைவிட வசதியான வண்டி இல்லை.

“ஏனுங்க சார், எல்லாமே டிப்போ சரக்குங்க, பாக்கெட் பிரிக்காத ஒரிஜினல்” என்று சொல்லித்தான் வீல் சிலிண்டர்களுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் கார்புரேட்டருக்கும் தனித்தனியாகப் பணம் வாங்கினார்கள். வண்டி வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் பின்பக்க இடது சக்கரத்தில் பிரேக் ஆயில் வடிந்தது. டிரம்மைக் கழற்றிப் பார்த்தபோது சிலிண்டர் வெள்ளிப் பெயின்ட்டில் பளபளத்தது. பெயின்ட்டை நகத்தால் சுரண்டியதும் அடியில் அம்மைத் தழும்பு போலத் துருக்குழிகள் தெரிந்தன. உள்ளே இருந்த ரப்பர் கப்பை எடுத்து இரு விரல்களுக்கு நடுவே வைத்து அழுத்தினேன். காய்ந்த வறட்டியைப் போல உதிர்ந்தது. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அது உண்மையாகவே பாக்கெட் பிரிக்காத டிப்போ சரக்காக இருந்திருந்தாலும் எனக்குப் பயன்பட்டிருக்காது. ரப்பர் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் காலப்போக்கில் இறுகி வெடித்துப்போகும். கப், ஹோஸ், ஆயில் சீல் போன்றவை பழைய சரக்கு என்று யாராவது பெருமையாகக் காட்டினால், அந்தக் காரணத்துக்காகவே அவற்றை வாங்காதீர்கள். அளவு எடுத்துக்கொண்டு போய்ப் புதிதாக வாங்குங்கள். அந்த பிரேக்கை நம்பி மலைப்பாதையில் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது இன்றும் உடல் நடுங்குகிறது.

இதைவிடப் பெரிய மோசடி பின்பக்க ஹவுசிங்குக்குள், அதாவது பின் அச்சின் பற்சக்கரங்கள் இருக்கும் கூட்டுக்குள் இருந்தது. கோவையை அடுத்த மாங்கரைப் பக்கம் ஒரு மண்பாதையில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டு ஓட்டியபோது, நேராகப் போகையிலேயே வண்டி திமிறியது. சிறிது தூரத்தில் லிவரை விடுவிக்க முடியாமல் இறுகிக்கொண்டது. தார்ச்சாலையில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டுத் திருப்பினால் எந்த ஜோங்காவும் அப்படி இறுகும். மண்ணில், நேர்ப்பாதையில் அது நடக்கக் கூடாது. இராணுவ வாகனங்களைப் பழுதுபார்க்கும் இ.எம்.இ. படைப்பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் ஸ்பானரைக் கூடத் தொடவில்லை. கியரையும், எஞ்சின் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் நியூட்ரலில் வைக்கச் சொல்லி, பின்பக்கச் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கி, மறுபக்கச் சக்கரம் தரையில் அசையாமல் இருக்க, தூக்கிய சக்கரத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றச் செய்து, அச்சுக்கு விசையைக் கொண்டுசெல்லும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் சாக்பீஸால் போட்ட கோடு எத்தனை முறை திரும்புகிறது என்று எண்ணினார். பிறகு முன்பக்கத்திலும் அதையே செய்தார். முன்னால் நான்கு சுற்றும் சிறிதளவும். பின்னால் நாலரைக்கும் மேல். இரண்டும் சமமாக இருக்க வேண்டும். “தம்பி, உன் வண்டியோட கிரவுன் பினியனைக் கழட்டிட்டு வேற பல் கணக்கு உள்ளதைப் போட்டிருக்காங்க. முன்னாலயும் பின்னாலயும் ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கு நிக்குது” என்றார். கிரவுன் பினியன் என்பது ஷாஃப்ட்டின் சுழற்சியைச் சக்கரங்களுக்குத் திருப்பிவிடும் பற்சக்கர ஜோடி. டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயிலை வடித்தபோது ஜரிகைப் பொடி தூவியதுபோல இரும்புத் துகள் மின்னியது.

நல்ல கிரவுன் பினியன் செட்டுக்குத் தேவை இருப்பதால் என்னுடையது வேறொருவரின் வண்டிக்குப் போயிருக்கும் என்றே நம்புகிறேன். ஜாக்கியும் சாக்பீஸும் போதும், பத்து நிமிடத்தில் முடியும் இந்தச் சோதனையை வண்டியைப் பட்டறையில் விடும் முன்பும் எடுக்கும்போதும் தயவுசெய்து செய்யுங்கள்.

பாடியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தகடு வெட்டி வெல்டிங் செய்ததாகப் பில் போட்ட இடங்களில் துணி சுற்றிய காந்தம் ஒட்டவே இல்லை, எல்லாம் பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டி. ஓட்டுநர் பக்கக் கால்வைக்கும் இடத்தில் அது விரல் கனத்துக்கு இருந்தது.

டேஷ்போர்டில் ரிவெட் அடித்திருந்த, சேசிஸ் எண்ணும் தயாரிப்பு ஆண்டும் பொறித்த தகடு காணாமல் போனதுதான் எனக்கு அதிக அச்சத்தைத் தருகிறது. கேட்டதற்கு, பெயின்ட் அடிக்கும்போது தொலைந்துவிட்டது என்றார்கள். அந்தத் தகடு ஆவணம் இல்லாத இன்னொரு வண்டியில் ஏறினால் பதில் சொல்ல வேண்டியவன் நானாகிவிடுவேன் என்பதால், காவல் நிலையத்தில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வைத்திருக்கிறேன். இராணுவ வண்டிகள் பாதுகாப்புத் துறையின் பதிவில் இருந்தவை. ஏலத்தில் வெளிவந்த பிறகு படிவம் 21-இல் இராணுவ அதிகாரிகள் தரும் விற்பனைச் சான்றைக் கொண்டுதான் புதிதாகப் பதிவு செய்ய முடியும். ஆகவே அந்தச் சான்று, ஆர்.சி., சேசிஸில் பொறித்த எண், தகட்டில் உள்ள எண் ஆகிய நான்கும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்து, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டீசல் எஞ்சின் மாற்றித் தருகிறோம் என்று அவர்கள் பலமுறை வற்புறுத்தியதற்கு நான் இணங்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி முறையான அனுமதி இல்லாமல் அதைச் செய்திருந்தால், இன்று பதிவும் சிக்கலில் இருந்திருக்கும்.

என் தவறு ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வண்டியை விடும்போது எந்தப் பாகம் எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்து வாங்கவில்லை. பணத்தில் பெரும்பகுதியை ரொக்கமாகக் கொடுத்தேன். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குக்குரிய காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. மாவட்ட ஆணையத்தில் நான் கொடுத்துவிட்டேன். ஆனால் வங்கி வழியாகப் போன ஒன்றரை லட்சத்துக்கு மட்டுமே கையில் சான்று இருக்கிறது.

இப்போது வண்டி வீட்டுக் கொட்டகையில் மரக்கட்டைகள் மேல் நிற்கிறது. பின்பக்க ஹவுசிங் கழற்றிக் கிடக்கிறது. கோவை, உதகை, ஈரோடு பக்கம் யாரிடமாவது ஜோங்காவின் பின்பக்க கிரவுன் பினியன் செட் இருந்தால் தெரிவியுங்கள். நேரில் வந்து, உங்கள் முன்னால் பற்களை எண்ணிப் பார்த்து, ரசீதோடு வாங்கிக்கொள்கிறேன்.