எல்டிஎல்ஆர் மரபணுப் பரிசோதனை: ஒரே குடும்பம், இரண்டு ஆய்வகம், இரண்டு பதில்

தேடிப் படிக்க வருகிறவர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பரம்பரையாக வரும் அதிகக் கொலஸ்ட்ராலுக்கு மரபணுப் பரிசோதனை செய்யலாமா என்று யோசிக்கிறீர்களா? தயங்காமல் செய்யுங்கள். ஆனால் மாதிரி கொடுப்பதற்கு முன்னால் ஆய்வகத்தாரிடம் ஒன்று கேட்டுவிடுங்கள்: "மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருப்பதை மட்டும்தான் பார்ப்பீர்களா, பெரிய துண்டே விடுபட்டிருந்தாலும் கண்டுபிடிப்பீர்களா?" இதைக் கேட்காததால் எங்கள் வீட்டில் ஏழு மாதம் வீணாகப் போனது.

அப்பா 43 வயதில் மாரடைப்பில் போனார். எனக்கு 36 வயதில் எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், 268 என்று வந்தது. தம்பிக்கும் கிட்டத்தட்ட அதே அளவு. மருத்துவர் என் குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாணை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். தடித்து, முடிச்சு முடிச்சாக இருந்தது. அப்பாவின் பழைய போட்டோ இருக்கிறதா என்று கேட்டார். போனில் பெரிதாக்கிக் காட்டினேன். கருவிழியைச் சுற்றி மெல்லிய வெள்ளை வளையம். எத்தனையோ வருஷமாகப் பார்க்கும் படம்தான், ஒரு தடவைகூட அது என் கண்ணில் பட்டதில்லை. இரண்டுமே கொழுப்பு படிந்ததன் அடையாளம் என்றார்.

முதல் ஆய்வகத்துக்குத் தம்பியின் உமிழ்நீரை அனுப்பினோம். ஐந்து வாரத்தில் நான்கு பக்க அறிக்கை வந்தது. "நோய் உண்டாக்கும் மாற்றம் எதுவும் காணப்படவில்லை" என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். தம்பி நிம்மதியாகி கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திவிட்டான். கடைசிப் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், பெரிய விடுபடல்களை இந்தச் சோதனை காட்டாது என்று ஒரு வரி இருந்தது. அதை நாங்கள் படிக்கவே இல்லை. கூப்பிட்டுக் கேட்டபோது, "அறிக்கையிலேயே இருக்கிறதே" என்றார்கள். இருக்கிறதுதான். ஆனால் உயிர் சம்பந்தப்பட்ட வரி அங்கேயா இருக்க வேண்டும்?

இரண்டாவது இடத்துக்கு என் ரத்தத்தை அனுப்பச் சொன்னவர் அதே மருத்துவர்தான். அங்கே மாதிரி எடுப்பதற்கு முன்னால் அரை மணி நேரம், முடிவு வந்த பிறகு ஒரு மணி நேரம், மரபணு ஆலோசகர் ஒருவர் உட்கார்ந்து பேசினார். இந்த சேவைக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பது அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகத்தான்.

வெள்ளைத் தாளில் ஒரு கல்லீரல் செல்லை வரைந்தார். அதன் மேற்பரப்பில் சின்னச் சின்னக் கைகள். அந்தக் கைதான் எல்டிஎல் ஏற்பி, 860 அமினோ அமிலங்களைக் கோத்துச் செய்யப்படும் புரதம். 19ஆம் குரோமோசோமில் இருக்கும் எல்டிஎல்ஆர் மரபணு அதற்கான செய்முறையை வைத்திருக்கிறது. ரத்தத்தில் போகும் எல்டிஎல்லை இந்தக் கை பிடித்து, செல்லுக்குள் இழுத்து, உள்ளே அமிலத்தன்மை கூடியதும் விட்டுவிட்டு, மறுபடி மேலே வந்துவிடும். ஒரு சுற்றுக்குச் சுமார் பத்து நிமிஷம். இதைக் கண்டுபிடித்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது.

மரபணுவில் 18 எக்ஸான்கள், அதாவது செய்முறை எழுதியிருக்கும் துண்டுகள். அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று மரபணுவுக்கு இரண்டு பிரதி. எனக்கு ஒரு பிரதியில் இரண்டு முதல் ஆறு வரை காணவில்லை. எல்டிஎல்லைப் பிடிக்கும் பகுதிக்கான செய்முறை இருப்பதே அங்கேதான். இந்த மரபணுவுக்குள் 'ஆலு' என்னும் ஒரே மாதிரியான வரிசைகள் ஏராளம். குரோமோசோம்கள் ஜோடி சேரும்போது ஓர் ஆலு இன்னோர் ஆலுவோடு தவறாகப் பொருந்தினால் நடுவில் இருப்பது கழன்றுவிடும். அப்படியானால் முதல் ஆய்வகத்துக்கு ஏன் தெரியவில்லை என்று கேட்டேன். பேனாவை வைத்துவிட்டுச் சொன்னார்: "உங்களுக்கும் தம்பிக்கும் இன்னொரு பிரதி நன்றாக இருக்கிறதும்மா. அதை மட்டும் படித்தால் பிழையே தெரியாது. ஒவ்வொரு எக்ஸானும் இரண்டு இருக்கிறதா, ஒன்றுதானா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்." அப்படி எண்ணும் முறைக்கு எம்எல்பிஏ என்று பெயர். ஏபிஓபி, பிசிஎஸ்கே9 ஆகிய மரபணுக்களையும் சேர்த்தே பார்த்திருந்தார்கள். இந்த நோய் அவற்றாலும் வரும்.

மாத்திரை ஏன் வேலை செய்கிறது என்பதும் அன்றுதான் எனக்குப் புரிந்தது. ஸ்டாட்டின் என்னும் அந்த மாத்திரை கல்லீரலுக்குள் கொலஸ்ட்ரால் தயாரிப்பைக் குறைக்கிறது. பற்றாக்குறையைச் சமாளிக்க, செல் நல்ல பிரதியிலிருந்து கூடுதல் கைகளைச் செய்து வெளியே நீட்டுகிறது. இது தெரிந்த பிறகு ஒருநாள்கூட நான் மாத்திரையைத் தவறவிட்டதில்லை. இன்னொரு மருந்தும் சேர்த்து, இப்போது எல்டிஎல் 104.

குறை என்றால் தாமதம்தான். ஒன்பது வாரம் ஆனது, நடுவில் ஒரு தகவலும் இல்லை. அறிக்கையின் மொழியும் மருத்துவர்களுக்கானது, ஆலோசகர் இல்லாமல் எனக்கு ஒரு வரி புரிந்திருக்காது. ஆனால் உறவினர்களிடம் கொடுக்க எளிய நடையில் ஒரு கடிதம் தந்தார்கள், அது பெரிய உதவி. சுமார் 250 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது. இருப்பவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர ஐம்பது சதவீத வாய்ப்பு. எந்த எக்ஸான் என்று தெரிந்துவிட்டதால் மற்றவர்களுக்கு அந்த ஓர் இடத்தைப் பார்த்தால் போதும்.

தம்பிக்கும் அதே விடுபடல் உறுதியாகிவிட்டது, மறுபடி மாத்திரை எடுக்கிறான். சித்தப்பா கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, தானே ஆய்வகத்துக்குப் போன் பண்ணினார். அவருக்கு இல்லை. தம்பி மகளுக்கு ஒன்பது வயது. அவளுடைய மாதிரியைப் போன செவ்வாய்க்கிழமை அனுப்பியிருக்கிறோம்.